தாய்மாமன் எடுத்த பொறுப்பு

தாய்மாமன் சீர் வந்து இறங்கியதும் தோட்டத்துச் சனம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பின்னே நிற்காதா? இருபத்தொரு தட்டு! பல்லேபொலையிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள், முன்னால் தப்பு மேளம், பின்னால் பெண்கள் வரிசை. பழம், பலகாரம், வளையல், பட்டு, பவுடர் டின்கூட விடாமல் அடுக்கியிருந்தது. கடைசித் தட்டை மட்டும் கஜீபன் யார் கையிலும் கொடுக்கவில்லை. தானே நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் ஏறினான். சிவப்புத் துணியின் மேல் ஒரு தங்கச் சங்கிலி கிடந்தது.

"ஆத்தாடி! தாய்மாமன்னா இப்பிடியில்ல இருக்கணும்" என்று பக்கத்து லயத்து வீட்டுக்காரி ஒருத்தி எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

சடங்குப் பிள்ளையின் தாய் அனுஷியா அதைக் காதாரக் கேட்டாள். புருஷன் லொறியை விற்ற அன்றைக்கு இதே வாய்தான் 'அனுஷியா குடும்பம் அவ்வளவுதான்' என்று தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தது. இன்றைக்கு அந்த வாயே சொல்லட்டும். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது தம்பி கஜீபன் ஒருவன்தான். அந்த ஒருவன் பத்துப் பேருக்குச் சமம் என்று நினைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

வயதுக்கு வந்த பிள்ளைக்குச் சடங்கு என்றால் அந்தப் பக்கத்தில் தாய்மாமன்தான் எல்லாம். அவன் கொண்டுவந்த சேலையைத்தான் பிள்ளை உடுத்த வேண்டும். அவன் மாலை போட்ட பிறகுதான் மற்றவர்கள் ஆலத்தி சுற்ற வேண்டும். தாய்மாமன் இல்லாத சடங்கை ஊர் ஒரு சடங்கென்றே ஒத்துக்கொள்ளாது. அனுஷியாவின் மகள் லக்சிகா வயதுக்கு வந்த நேரம் வீட்டில் அடுப்பெரியவே வழியில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றி, விழாவை அப்புறம் பெரிதாகச் செய்வோம் என்று சொல்லித் தள்ளிப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டாளிகள் தங்கள் சடங்கு ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டும்போதெல்லாம் அந்தப் பிள்ளை எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுமாம். டீச்சர் சொல்லித்தான் அனுஷியாவுக்கே தெரியும்.

வீட்டை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவன் அவள் புருஷன் மகேஸ்வரன். சும்மா சொல்லக் கூடாது, கெட்ட மனுஷன் இல்லை. குடி கிடையாது, கை நீட்ட மாட்டான், மகள் என்றால் உயிர். சொந்தமாக ஒரு சின்ன லொறி வைத்திருந்தான். மாத்தளைப் பக்கத்தில் மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளைப் பொருளாதார மையத்துக்குப் போவான். அங்கேதான் சனியன் பிடித்தது. சாமான் இறக்கிய பிறகு, திரும்பி வர ஒரு லோட் கிடைக்கும்வரை டிரைவர்மார் லொறி நிழலில் படுத்துக் கிடப்பார்கள். சும்மா கிடக்கிற கையில் ஒரு போன். போனுக்குள்ளே கிரிக்கெட். அடுத்த பந்து நாலா, ஆறா, விக்கெட்டா என்று பெட் கட்டுகிற ஆப் ஒன்றை யாரோ ஒரு புண்ணியவான் காட்டிக் கொடுத்தான். முதலில் கொஞ்சம் வந்தது. முதலில் எப்போதும் கொஞ்சம் வரத்தானே செய்யும்! பிறகு லொறி போனது. அனுஷியாவின் தாலிக்கொடி போனது. 'தோடு தேஞ்சிருச்சு, மாத்தித் தாறேன்' என்று சொல்லி மகளின் காதிலிருந்ததையும் கழற்றிக்கொண்டு போனான். பிள்ளை காதில் ஈர்க்குக் குச்சியோடு பள்ளிக்கூடம் போன பிறகுதான் அனுஷியாவுக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது.

அதற்குப் பிறகு அவள் ஏறி இறங்காத படி இல்லை. பொலிசுக்குப் போனாள். "அவரு காச அவரே தொலைக்கிறாரு. நாங்க யாரை நங்கி புடிக்கிறது?" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்துக் கேட்டுவிட்டு அந்த ஐயா அடுத்த ஆளைக் கூப்பிட்டார். போன் கம்பனிக்கு எடுத்துப் பேசினாள். "அது எங்கட ஆப் இல்ல மிஸ், வெளிநாட்டுக் கம்பனி" என்று ஒரு பிள்ளை இனிக்க இனிக்கச் சொல்லி வைத்தது. கோயில் கமிட்டியில் அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைக்கச் சொன்னார்கள். தோட்டத்துத் தலைவர் 'குடும்ப விஷயம்' என்று கையைக் கழுவினார். சரி, அந்த ஆப்புக்காரனாவது ஏதாவது சொல்லியிருக்கிறானா என்று மகளைப் படித்துப் பார்க்கச் சொன்னாள். அடியிலே, எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், 'பொறுப்போடு விளையாடுங்கள்' என்று இருந்தது. பொறுப்பாம்! வீட்டுக்குள் பாம்பை அவிழ்த்து விட்டுவிட்டு, பார்த்து நடங்கள் என்று சுவரில் எழுதி வைக்கிறவனை என்னவென்று சொல்வது?

'என் பொறுப்பு' என்று வாய் திறந்து சொன்ன ஒரே ஆள் கஜீபன்தான்.

பல்லேபொலைச் சந்தியில் அவனுக்கு ஒரு கொமியூனிகேஷன் கடை. ரீலோட் போடுவான், போட்டோக்கொப்பி எடுப்பான், உடைந்த போன் திருத்துவான். அக்கா அழுதுகொண்டு போய் நின்ற அன்றைக்கே கடையை இழுத்து மூடிவிட்டு அவளோடு பஸ் ஏறி வந்தான். மச்சானை எதிரில் உட்கார வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டான். மகேஸ்வரன் குனிந்த தலை நிமிரவில்லை.

"அழுவாதீங்கக்கா. மச்சானை எங்கிட்ட விடுங்க. இனி அவரு என் பொறுப்பு."

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது அனுஷியாவுக்கு. வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. மகேஸ்வரனின் பெரிய போனை வாங்கிக்கொண்டு, பேச மட்டும் முடிகிற பட்டன் போன் ஒன்றைக் கொடுத்தான். மாத்தளை டவுனில் ஒரு மிளகு ஸ்டோரில் வேலை எடுத்துக் கொடுத்தான். சம்பளத்தைத் தன் கையில்தான் தர வேண்டும் என்று முதலாளியிடம் பேசினான். அதில் வீட்டுச் செலவுக்கு அக்காவிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தை லக்சிகாவின் சடங்குக்கென்று சேர்த்து வைப்பதாக ஏற்பாடு.

"இன்னொன்னுக்கா" என்றான், செருப்பைப் போட்டுக்கொண்டே. "தினம் சாயங்காலம் மச்சானை எனக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்க. மனசு விட்டுப் பேச ஆளில்லாமத்தான் ஆம்பிளைங்க இதுல எல்லாம் போய் விழுவுறாங்க."

என்ன அருமையான புத்தி! அனுஷியா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மகேஸ்வரன் வேலை விட்டு வந்து, குளித்து, பிளேன்டீ குடித்துவிட்டு, தண்ணீர் கொட்டும் பீலிக்கரைப் பக்கம் போய் நின்று பேசுவான். "மச்சான்..." என்று தொடங்கும் அந்தக் குரலில் ஒரு குழைவு இருக்கும். கூடப் பிறந்தவர்கள்கூட இப்படிப் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று அவளுக்குப் பெருமை. அவன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவளுக்குத்தான் பொறுக்காது.

"என்னாங்க, தம்பிக்கு இன்னிக்கி எடுக்கலையா?"

பட்டன் போனில் சார்ஜ் இல்லாத நாளில் தன் போனில் தானே நம்பரை அழுத்தி அவன் கையில் கொடுப்பாள். "இந்தாங்க, ரிங் போவுது. பேசுங்க."

ஒரே ஒரு விஷயத்தில்தான் கறாராக இருந்தாள். "இன்னொரு தடவ தொட்டீங்கன்னு தெரிஞ்சிச்சு, புள்ளயக் கூட்டிக்கிட்டு தம்பி வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் காலில விழுந்தாலும் வர மாட்டேன்."

"இல்ல புள்ள. அதெல்லாம் வுட்டாச்சு" என்பான் அவன்.

வுட்டாச்சு. அந்த ஒரு சொல்லின் மேல்தான் அவள் சோறு பொங்கினாள், வேலைக்குப் போனாள், ராத்திரியில் கண்ணை மூடித் தூங்கினாள். அது பொய் என்றால் அவளுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஆனால் அது எப்படிப் பொய்யாகும்? கஜீபன் அல்லவா பார்த்துக்கொள்கிறான்! அவன் கடையும் இந்த ஒரு வருஷத்தில் நன்றாக எழும்பியிருந்தது. கண்ணாடிக் கதவு போட்டான், மோட்டார் சைக்கிளை விற்றுக் கார் எடுத்தான். நல்ல மனசுக்கு ஆண்டவன் கொடுக்கிறான் என்று அனுஷியா அம்மன் கோயிலில் அவன் பேருக்கும் ஒரு அர்ச்சனை வைத்தாள்.

சடங்குக்கு நாள் குறித்தபோது தம்புள்ளைக்கும் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்ல வேண்டும் என்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள். மகேஸ்வரன் லொறி ஓடிய காலத்தில் அவள் கையால் சாப்பிட்ட ஆட்கள் அங்கே இருந்தார்கள். முக்கியமாக, அவள் அண்ணன் முறைக்கு 'நானா' என்று கூப்பிடும் றுஸ்தி. அவனும் லொறிக்காரன்தான், வீட்டுக்கு வந்தால் லக்சிகாவுக்குக் கொய்யாப்பழம் இல்லாமல் வர மாட்டான்.

"அவங்க எதுக்கு?" என்றான் மகேஸ்வரன். "விடு புள்ள. நம்ம சனம் போதும்."

"நல்ல நாள்ல நாம சோறு போட்ட ஆளுங்கள நல்ல காரியத்துக்குக் கூப்பிடாம விடுறதா? அது முறையா?"

"சொன்னாக் கேளு, அனுஷி. வேணாம்."

வெட்கப்படுகிறான் என்று நினைத்துவிட்டாள் பாவம். வெட்கப்பட இனி என்ன இருக்கிறது, மனுஷன் எழுந்து நிற்பதை அவர்களும் பார்க்கட்டுமே என்று, அவனிடம் சொல்லாமல் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, தாம்பாளத்தைப் பையில் வைத்துக்கொண்டு தம்புள்ளைக்கு பஸ் ஏறினாள். றுஸ்தி வீட்டில் அவனும் அவன் மனைவி நுஸ்லாவும் வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள்.

அப்படி அவள் கூப்பிட்டு வந்தவன்தான் வாயைத் திறந்தான்.

மாலை போட்டாகிவிட்டது. மாமன் கொடுத்த சேலையில் லக்சிகா மணவறையில் உட்கார்ந்திருந்தாள். கஜீபன் சங்கிலியைக் கழுத்தில் போட்டு, கொக்கியை மாட்டி, நெற்றியில் திருநீறு பூசினான். கெமராக்காரன் இன்னொரு தடவை போடச் சொன்னான். போட்டான். பிள்ளை சிரித்த சிரிப்பை அனுஷியா இரண்டு வருஷமாகப் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தோடுதான் வாசலுக்கு வந்தாள். நுஸ்லாவும் றுஸ்தியும் அப்போதுதான் உள்ளே நுழைந்தார்கள். மேடையிலிருந்து இறங்கி வந்த கஜீபனும் நேரே வந்து முட்டிக்கொண்டான்.

"அட, ஏஜன்ட் தம்பி!" றுஸ்தி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நீங்களும் வந்தீக்கிறீங்களா?"

"வந்தீக்கிறதாவது!" அனுஷியா சிரித்தாள். "இவருதான், றுஸ்தி நானா, புள்ளைக்குத் தாய்மாமன். என் கூடப் பொறந்த தம்பி. ஒங்களுக்கு இவரைத் தெரியுமா?"

"தெரியாமலா? எங்கட லொறிக்காரன்ட காசுல பாதி இவர்ட கையாலதானே ஆப்புக்குப் போவுது! சனிக்கெழமைக்கு வந்தாரெண்டா டீக்கடைக்குப் பின்னால ஒரு கியூவே நிக்கும்." றுஸ்தி பின்னால் வந்த மகேஸ்வரனைக் கண்டு அவன் தோளில் ஒரு அடி போட்டான். "நீ பெரிய கள்ளன்டா மகேஸ்! மச்சினன்தான் ஏஜன்ட் எண்டு ஒரு வார்த்த சொன்னியா? போன சனிக்கெழமயும் நான் பக்கத்துல நிக்கக்குள்ளதான் ஒன்ட கோல் வந்திச்சி. ஸ்பீக்கர்ல போட்டாரு. 'முழுசும் கட்டு மச்சான்' எண்டு சொன்னியே, ஒன்ட கொரல் எனக்குத் தெரியாதா? தோத்துத்தானே போயித்து?"

நுஸ்லா அவன் முழங்கையைக் கிள்ளினாள். அவள் அனுஷியாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

போன சனிக்கிழமை பட்டன் போனில் சார்ஜ் இல்லை. நம்பரை அழுத்திக் கொடுத்தது அனுஷியா.

மண்டபத்துக்குள் மைக்கில் பாட்டு போய்க்கொண்டிருந்தது. அவள் பின்பக்கம், சோற்றுக் கிடாரம் இறக்கி வைத்திருந்த கொட்டகைக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் பின்னால் வருவார்கள் என்று தெரியும். வந்தார்கள். சமையல்காரர்களை 'கொஞ்சம் வெளிய நில்லுங்க' என்றாள்.

"தம்பி, அவரு சொல்றது மெய்யா?"

"அக்கா, இப்ப வேணாம். சபை நடக்குது."

"மெய்யான்னு கேட்டேன்."

கஜீபன் வேட்டி மடிப்பைச் சரிசெய்தான். "நான் மொதல்ல நல்லதுக்குத்தான் எடுத்தேன்கா. ஒங்களுக்கே தெரியும். கொஞ்சக் காலம் மச்சானைத் தொடவே விடல. அப்புறம்தான் இந்த ஏஜன்ட் வேல வந்திச்சு. ரீலோட்ல என்ன மிஞ்சுது சொல்லுங்க? மச்சானுக்கு எப்பிடியோ காதுல விழுந்திருச்சு. கடைக்கே வந்து அழுதாரு. நான் முடியாதுன்னா வேற எவங்கிட்டயாவது போயிருப்பாரு. அவனுக இவர உரிச்சித் தொங்கவிட்டிருப்பானுக. எங்கிட்டன்னா ஒரு அளவு இருந்திச்சு. நான்தான் அளவு வெச்சேன். அதுக்கு மேல ஒரு சதம் கட்ட விடல."

"அளவு வெச்சியா?"

"ஆமாக்கா. எல்லாம் ஒரு கட்டுப்பாட்டோடதான்."

"லக்சிகாவுக்குச் சேத்த காசு?"

அவன் கிடாரத்தைப் பார்த்தான்.

"டேய், எம்மக சடங்குக்குன்னு சேத்து வெக்கிறேன்னியே, அந்தக் காசு எங்கடா?"

"அந்த அளவுக்குள்ளதான்கா போச்சு. இன்னிக்கி மண்டபம், சாப்பாடு எல்லாம் நான் என் கையிலருந்து போட்டிருக்கேன்."

கஜீபனுக்குத் தன் நியாயம் இன்னும் முடியவில்லை. குரலை இறக்கி, ரகசியமாக ஒரு நல்ல செய்தி சொல்கிறவன் போல அருகில் வந்தான்.

"இன்னொன்னு கேளுங்க. ஆளுங்க தோக்கிற காசுல ஏஜன்ட்டுக்கு ஒரு பங்கு வரும். மத்தவங்க பங்க நான் எடுத்தேன், மறைக்கல. மச்சானோட பங்க மட்டும் நான் தொடவே இல்ல. தனியா ஒதுக்கி வெச்சேன். அதுலதான் அந்தச் சங்கிலி வாங்கினேன். எவனுக்கோ போக வேண்டிய காசு ஒங்க மக கழுத்துக்கே திரும்பி வந்திருக்கு. எந்த ஏஜன்ட்கா இப்பிடிச் செய்வான்?"

அடப்பாவி, அவன் நன்றியை எதிர்பார்த்து நின்றான்! அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. களவெடுத்தவன் முழிக்கிற முழி அவன் முகத்தில் இருந்திருந்தால்கூட ஒரு அறை அறைந்துவிட்டு அழுதிருப்பாள். அவனோ, அக்கா பாராட்டாமல் போகிறாளே என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. வுட்டாச்சு வுட்டாச்சுன்னீங்களே."

"என் கையில போனே இல்லையே அனுஷி" என்றான் மகேஸ்வரன். "கட்டினதெல்லாம் அவன்தானே."

"நல்லாருக்கே!" கஜீபனுக்குக் கோபம் வந்துவிட்டது. "கட்டச் சொன்னது யாரு? நான் என்ன ஒங்க கழுத்தப் புடிச்சா கட்டச் சொன்னேன்? பெரிய மனுசன்தானே நீங்க?"

"நீ முடியாதுன்னிருக்கலாமேடா!"

"ஆப்ப நானா செஞ்சேன்? தடுக்கணும்னா அரசாங்கம் தடுக்கட்டும்."

இரண்டு பேரும் பந்தை எறிவது போல ஒருவர் தலையில் ஒருவர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அனுஷியா கத்தினாள். கொட்டகைக்கு வெளியே நின்ற சமையல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாய மூடுங்க ரெண்டு பேரும்! பொலிஸ் ஏலாதுன்னிச்சு. கம்பனி ஏலாதுன்னிச்சு. கோயில்ல ஏலாதுன்னாங்க. நான் அவங்களக் கோவிச்சேனா? இல்லன்னவங்க இல்லன்னுட்டாங்க. நீதான்டா என் பொறுப்புன்னே! நீயும் இல்லன்னிருந்தா நான் என் புருஷனுக்கு நானே காவல் இருந்திருப்பேன். சம்பளத்த நானே வாங்கியிருப்பேன். அவரு யாருகிட்ட பேசுறாருன்னு பக்கத்துல நின்னு கேட்டிருப்பேன். காவலுக்கு என் தம்பி இருக்கான்னு நம்பித்தானேடா நான் தூங்கினேன்! நம்பரையும் நானே அழுத்திக் குடுத்தேனேடா, பாவி!"

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள்.

ஆலத்தி சுற்ற அத்தைமார் வரிசையில் நின்றார்கள். அனுஷியா அவர்களைத் தாண்டி மணவறையில் ஏறினாள். லக்சிகா முகம் மலர்ந்து, சங்கிலியின் பதக்கத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, பாருங்கம்மா, மாமா போட்டது. என் பேர்ல மொத எழுத்துப் போட்டிருக்காங்க."

அனுஷியாவுக்கு அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. பிள்ளை இன்றைக்கு ஒரு நாள் போட்டிருக்கட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அந்தப் பதக்கத்தைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்தது ஒவ்வொரு நாள் சாயங்காலம்தான். பீலிக்கரையில் நின்று புருஷன் தோற்ற ஒவ்வொரு பந்தும் சங்கிலியில் ஒரு வளையமாகக் கோத்துப் பிள்ளை கழுத்தில் கிடந்தது. அவள் குனிந்து மகளின் கொண்டைக்குக் கீழே கை விட்டுக் கொக்கியைக் கழற்றினாள்.

"அம்மா! ஏம்மா? ஏன் கழட்டுறீங்க?"

"வேணாம் கண்ணு."

"மாமா போட்டதும்மா!"

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். அனுஷியா காலியாக இருந்த அந்தக் கடைசித் தட்டை எடுத்து, வெற்றிலை வைத்து, சங்கிலியை அதன் மேல் வைத்தாள். மேடையை விட்டு இறங்கினாள். பக்கக் கதவில் வந்து நின்ற கஜீபன் முன்னால் தட்டை நீட்டினாள். சீரைத் திருப்பிக் கொடுப்பது என்றால் என்ன என்று அந்த மண்டபத்தில் இருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. செத்தால்கூட வர மாட்டார்கள்.

"அக்கா, யோசிச்சுச் செய்யுங்க" என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். எம்மவளுக்குத் தாய்மாமன் இல்ல. புள்ள உடுத்தின சேலைய இந்தச் சபையில அவுக்க முடியாது. அதத் தோச்சு அனுப்பிர்றேன்."

அவன் தட்டை வாங்கவில்லை. அவள் அதை அவன் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவன் குனிந்து, சங்கிலியை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். வேன் இரண்டும் வந்த வழியே திரும்பின. சாப்பிடாமல் போக வேண்டாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. நுஸ்லா அனுஷியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவர் தெரியாம பேசிட்டாரு, மன்னிச்சிருங்க" என்று அழுதாள். அனுஷியா அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். அந்த நாளில் அவளிடம் உண்மை பேசிய ஒரே ஆள் அந்த வாயாடி றுஸ்திதானே!

வெயில் தாழ்ந்து வீட்டுக்கு வந்தபோது லக்சிகா சேலையோடு கட்டிலில் குப்புற விழுந்தாள். மகேஸ்வரன் வாசற்படியில் உட்கார்ந்தான். அனுஷியா அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மேலே மலையில் புகை மாதிரி மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

"இனிமே இல்ல புள்ள" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, அது பொய்த் தண்ணீர் இல்லை. "புள்ள மேல சத்தியமா வுட்டுர்றேன்."

அவள் கேட்டுக்கொண்டாள். நம்பவும் ஆசைதான். இத்தனைக்குப் பிறகும் அந்தக் கேடுகெட்ட மனசுக்கு ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது. அவன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். விரலை நெறித்துக்கொண்டே சொன்னான்.

"ஆனா அந்தச் சங்கிலிய நீ குடுத்திருக்கக் கூடாது, அனுஷி."

"ஏன்?"

"அது நம்ம காசுதானே. அவன் எடுத்துட்டுப் போறதுக்கு அவனுக்கு என்ன ரைட் இருக்கு? அத வித்து, இன்னிக்கி கிரிக்கெட் மெச்சுக்கு ஒரே ஒரு தடவ, ஒரே தடவதான், எல்லாத்தையும் திருப்பி எடுத்துருவேன் புள்ள. லொறிகூட..." அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மகளின் சடங்கில் மாலை விழுந்தபோது வராத வெளிச்சம்.

அனுஷியா அந்த முகத்தையே பார்த்தாள். இன்னொரு தடவை என்றால் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள்! போவதற்கு இப்போது தம்பி வீடு இல்லை. அவள் எழுந்து உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்தாள். எத்தனையோ சாயங்காலம் செய்தது போலவே நம்பரை அழுத்தினாள். அவன் கையில் வைத்தாள்.

"இந்தாங்க, ரிங் போவுது. சங்கிலி அங்கதான் இருக்கு. வேணும்னா பேசுங்க, போய் வாங்கிக்கங்க. ஆனா பேசினீங்கன்னா இந்தப் படி ஏற வேணாம். நானும் எம்மகளும் இங்கதான் இருப்போம். போறது நீங்கதான்."

மகேஸ்வரன் அவளைப் பார்த்தான், போனைப் பார்த்தான். மணி அடித்துக்கொண்டிருந்தது. அதை வெட்டினால் போதும். சிவப்பு பட்டனை ஒரு தடவை தொட்டால் போதும். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். "அக்கா? கோவப்படாதீங்கக்கா..." என்று கஜீபனின் குரல் சின்னதாகக் கேட்டது.

மகேஸ்வரன் படியிலிருந்து எழுந்தான். போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி, பீலிக்கரைப் பக்கமாக நடந்தான்.

"மச்சான்..." என்றான், தினமும் சாயங்காலம் அவள் பெருமையோடு கேட்ட அதே குழைவான குரலில்.